டிசம்பர் மாதத்து 'ஒயின் செட்'

கார்த்திகை மாதத்து ஐயப்ப பூஜைச் சரக்கு ஓய்வதற்கு முன்பே கிறிஸ்துமஸ் சரக்குக்குக் கேட்பு வந்துவிடுவது மளிகை வியாபாரத்தில் ஆண்டுதோறும் நாம் காண்பதுதான். மைதா, முந்திரி, உலர் திராட்சை, டூட்டி ஃப்ரூட்டி, பட்டை, கிராம்பு எல்லாம் நகர்கின்ற அதே வாரத்தில், சர்க்கரையும் ஈஸ்ட்டும் பன்னீர் திராட்சையும் ஒன்றாகக் கேட்பவர்களும் வருவார்கள். எதற்கென்று அவர்கள் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. திருவள்ளூரில் மொத்தக் கடை வைத்துப் பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை என்று சரக்கு அனுப்பிவரும் எங்களுக்கு இது நாற்பது ஆண்டுப் பழக்கம்.

சில ஆண்டுகளாகக் கேள்வி மாறிவிட்டது. "அண்ணாச்சி, ரெட் ஒயின் கிட் வருமா?" என்று சில்லறைக் கடைத் தம்பிகள் கைபேசியில் படத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் கேரளத்து ஆட்கள் கேட்கிறார்களாம். ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த கிறிஸ்தவத் தொழிலாளர்கள் கேட்கிறார்களாம். வெளிநாடு போய்வந்த இன்ஜினியர் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கிறார்களாம். கேட்பு உள்ள சரக்கை விடக்கூடாது என்பது வியாபாரியின் ரத்தத்தில் ஊறியது. ஆனால் இந்தச் சரக்கில் கை வைக்குமுன் இது என்ன, இதில் என்ன இருக்கிறது, நம் ஊரில் இதற்கு என்ன நிலை என்பதை நம் உறுப்பினர்கள் தெரிந்துகொள்வது நல்லது என்று எண்ணியே இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றி. கனடா, அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் வீட்டில் ஒயின் தயாரிக்க அட்டைப் பெட்டியில் எல்லாம் சேர்த்து விற்கிறார்கள். உள்ளே சுண்டவைத்த திராட்சைச் சாறு ஒரு பெரிய பையில் இருக்கும். அதோடு ஈஸ்ட் பொட்டலம், கலங்கலைத் தெளியவைக்கும் பென்டோனைட் என்ற களிமண் தூள், கெடாமல் காக்கும் சல்பைட் உப்பு, சில பெட்டிகளில் ஓக் மரச் சீவல். தண்ணீர் சேர்த்தால் 23 லிட்டர் ஆகும். 750 மில்லி பாட்டிலில் முப்பது வரும். இதில் தரம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஸ்குவாஷ் வாங்கும்போது பழச்சாறு எவ்வளவு, சர்க்கரைப் பாகு எவ்வளவு என்று பார்க்கிறோமே, அதே கணக்குத்தான். சாற்றுப் பை கனமாக இருந்தால் கலக்க வேண்டிய தண்ணீர் குறைவு, விலை அதிகம், சரக்கு உசத்தி. சிவப்பு ஒயினுக்கு உலர்ந்த திராட்சைத் தோலும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தால் நிறமும் துவர்ப்பும் கூடும். லேசான பெட்டியில் செய்ததை ஆறு மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும். கனமான பெட்டியில் செய்ததை ஓராண்டு, ஈராண்டு வைத்திருக்கலாம்.

அந்த நாடுகளில் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை ஒயின் செய்துகொள்ளலாம், விற்கக்கூடாது. நம் நிலை வேறு. அதை எங்கள் தவறு ஒன்றைச் சொல்லித்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

எங்களிடம் பற்று வைத்துச் சரக்கெடுக்கும் இளைஞர் ஒருவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் கடை வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம், ஐந்து கிலோ பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஒரு ஈஸ்ட் பொட்டலம், பட்டை கிராம்பு, ஒரு பிளாஸ்டிக் கேன் இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி, செய்முறையை ஜெராக்ஸ் எடுத்து உள்ளே வைத்து, கடை வாசலில் 'ஒயின் செட் கிடைக்கும்' என்று பலகையும் மாட்டினார். "தனித்தனியா வித்தா சர்க்கரையில கிலோவுக்கு ஒரு ரூபாதான் அண்ணாச்சி. செட்டாக் கட்டினா நூறு ரூபா நிக்குது" என்று போனில் சந்தோஷமாகச் சொன்னார். "ஓடுற வரைக்கும் ஓட்டு தம்பி" என்று சொல்லி, கூடுதலாக ஈஸ்ட் டின் இரண்டு லாரியில் ஏற்றிவிட்டவர்கள் நாங்கள்தான்.

நான்காம் நாள் விசாரணைக்கு ஆள் வந்துவிட்டது. மூட்டைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். தம்பி இரவு வரை உட்கார்ந்திருந்து, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வழக்கு என்று போகவில்லை. அது அவருடைய நல்ல காலம். ஆனால் கிறிஸ்துமஸ் வாரம் முழுதும் கடை பூட்டிக் கிடந்தது. வாங்கி வைத்த மைதாவும் டால்டாவும் அப்படியே தங்கின. அதைவிடப் பெரிய நஷ்டம், அவர் கடையில் சாராயச் சாமான் பிடித்தார்கள் என்று பரவிய பேச்சு. பெண்கள் பக்கத்துக் கடைக்கு மாறிவிட்டார்கள். பொங்கல் வியாபாரமும் பாதிதான். எங்கள் பற்றை அவர் அடைத்து முடிக்க அடுத்த தீபாவளி ஆயிற்று; அதற்கு நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, பேச எங்களுக்கு முகமில்லை. பில் புத்தகத்தில் ஈஸ்ட் டின் எங்கள் கடைப் பேரில்தானே இருந்தது.

திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட் இல்லாத கடை எது? அவற்றை விற்றதற்காக ஆள் வரவில்லை. அந்தப் பலகையும் ஜெராக்ஸ் தாளும்தான் வினையாயின. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ஆம் ஆண்டினது. அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி காலத்தில் சேலம் மாவட்டத்தில் முதலில் அமலாகி, 1948-ல் மாகாணம் முழுதும் வந்தது. 1971-ல் தளர்த்தப்பட்டது, 1974-ல் மீண்டும் வந்தது, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் தொடங்கி, 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. இவ்வளவு மாறியும் சட்டம் இன்றும் இருக்கிறது. டாஸ்மாக் கடை திறந்திருப்பதால் மதுவிலக்குச் சட்டமே இல்லை என்று நம்மில் பலர் நினைப்பது தவறு. அனுமதி இல்லாமல் மது தயாரிப்பது 4-ஆம் பிரிவின்படி குற்றம். அது மட்டுமல்ல, தயாரிப்பதற்கென்று பொருளோ பாத்திரமோ கருவியோ வைத்திருப்பதும் குற்றம். 'மது' என்ற சொல்லில் ஒயினும் அடக்கம். தேவாலயப் பூசைக்கான திராட்சை ரசத்துக்குத் தனி விதியும் அனுமதியும் உண்டு. வீட்டு ஜாடிக்கு அப்படி ஏதும் இல்லை. சர்க்கரை மூட்டை சர்க்கரை மூட்டையாக இருக்கும்வரை அது மளிகை. 'ஒயின் செட்' என்று பேர் வைத்து செய்முறையையும் சேர்த்துவிட்டால், எதற்கென்று வைத்திருக்கிறோம் என்பதை நாமே எழுதிக் கொடுத்ததாகிறது.

கேரளத்தில் கிறிஸ்துமஸ் ஒயின் வீட்டுக்கு வீடு உண்டு என்பார்கள். அங்கேயே 2019 டிசம்பரில் ஆயத்தீர்வைத் துறை, வீட்டில் செய்வதும் குற்றமே என்று எச்சரிக்கை விட்டது. நம் மாநிலத்தில் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகு சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாகிவிட்டன. உயிர்ச்சேதம் நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை உண்டு, அபராதம் பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாது.

விஷச் சாராயம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டு ஒயினில் மெத்தனால் உண்டாகி ஆளைக் கொல்லும் என்று வாடிக்கையாளர் சிலர் பயந்து கேட்கிறார்கள். பழம் புளிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். கள்ளக்குறிச்சியிலும், 2023 மே மாதம் மரக்காணம், சித்தாமூர் பக்கத்திலும் உயிர் குடித்தது தொழிற்சாலை உபயோகத்துக்கான மெத்தனால். பெயிண்ட், தின்னர், ரசாயனக் கம்பெனிகள் நிறைந்த நம் பகுதியில் இது நினைவில் இருக்க வேண்டிய விஷயம். ஒயினைச் சீக்கிரம் 'ஏற்றிவிட' ஸ்பிரிட் கிடைக்குமா என்று யாரேனும் கேட்டால், அவரை அப்போதே அனுப்பிவிடுவது நல்லது. எந்தக் கேனில் எது இருக்கிறதென்று மூடியைத் திறந்து முகர்ந்து கண்டுபிடிக்க முடியாது.

'செட்' கட்டி மாட்டிக்கொண்டது நம் தம்பி மட்டுமல்ல. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, கலிபோர்னியாத் திராட்சை வியாபாரிகள் சாற்றை இறுக்கிச் செங்கல் போல் கட்டியாக விற்றார்கள். மேல் தாளில், இதைத் தண்ணீரில் கரைத்து இத்தனை நாள் அலமாரியில் வைத்துவிடாதீர்கள், ஒயினாகிவிடும் என்ற தோரணையில் 'எச்சரிக்கை' இருக்கும். எச்சரிக்கைதான் செய்முறை! 'வைன்-குளோ' என்ற சரக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், கம்பெனி ஆளே வீட்டுக்கு வந்து பீப்பாயை வைத்து, 60 நாள் கழித்துத் திரும்ப வந்து பாட்டிலில் அடைத்துக் கொடுத்தார். 1931-ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அந்த வியாபாரத்தை மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. அவர்களிடம் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். நம்மிடம் இருப்பது ஒரு கல்லாப்பெட்டி.

இனி, தனித்தனியாக விற்கும் சரக்கைப் பற்றிப் பார்ப்போம். அதில் நாம் விவரமாக இருந்தால் வாடிக்கையாளர் நம்மைத் தேடி வருவார்.

பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் மூலம் தமிழகம் வந்ததாகப் பதிவு. இன்று தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில்தான் அதிகம் விளைகிறது. ஆண்டு முழுவதும் அறுவடை உண்டு. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோயம்பேட்டிலிருந்து நமக்கு வருவது பெரும்பாலும் இதுதான். கூடவே வரும் பெங்களூர் நீலத் திராட்சையையும் சிலர் பன்னீர் என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். ஒரு பழத்தை விரலால் பிதுக்கினால் தெரிந்துவிடும். பெங்களூர் நீலத்தில் தோல் தனியே, சதை தனியே வழுக்கிக்கொண்டு வரும், தோலும் கனம். பன்னீரில் தோல் மெல்லிசு, சதையோடு ஒட்டியிருக்கும், பன்னீர் வாசனை வரும். இரண்டும் நல்ல பழமே; பேரை மாற்றிச் சொல்வதுதான் தவறு.

தோல் மெல்லிசு என்பதால் பன்னீர் பயணம் தாங்காது. அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் கலிபோர்னியா வியாபாரிகள் அலிகாந்தே என்ற ரகத்துக்குப் பறந்ததற்குக் காரணம் ருசியல்ல. தோல் தடிப்பாக இருந்ததால் ரயிலில் பல நாள் போனாலும் நசுங்கவில்லை, நிறமும் கெட்டி. நமக்கு அந்த வசதி இல்லை. இரவு கோயம்பேட்டில் இறங்கிய கிரேட் மறுநாள் மாலைக்குள் பாதியாவது போக வேண்டும், இல்லாவிட்டால் அடியில் உள்ளது கசிந்து ஈ மொய்க்கும். டிசம்பரில் ஒரே நாளில் பத்து கிரேட் இறக்குவதைவிட மூன்று நாளுக்கு மூன்று மூன்றாக எடுப்பதே மேல். பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் இருப்பதைக் கண்டு, மருந்து என்று வாங்க மறுப்பார்கள். அது பழத்தின் இயற்கையான மெழுகு. தேய்த்தால் போகும், இருந்தால் பழம் புதிது என்று பொருள். நீலம் கலந்த பச்சையாகத் திட்டுத் திட்டாக இருந்தால் அது துத்தம் கலந்த மருந்து. நன்றாகக் கழுவச் சொல்ல வேண்டும்.

அடுத்து, பழையது எல்லாம் உசத்தி என்ற நம்பிக்கை. "பழைய ஒயின் என்றால் மதிப்பாச்சே" என்று வாடிக்கையாளர் சொல்வார். மளிகைக்காரர்களுக்கு இது புரியாததல்ல. அரிசி ஓராண்டுப் பழையதென்றால் விலை கூடும். அதற்காகக் கடலை எண்ணெயைப் பழையதாக்கி விற்க முடியுமா? காறிப் போகும். ஒயினும் அப்படித்தான், எல்லாம் பழையதாகப் பழையதாக நன்றாவதில்லை. துவர்ப்பும் புளிப்பும் கெட்டியாக உள்ள சிவப்பு ஒயினில், நாள்பட நாள்பட அந்தத் துவர்ப்புச் சத்து ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் படியும். கரகரப்பு அடங்கி வாய்க்கு மெத்தென்றாகும். அதற்கும் 12, 15 டிகிரிக் குளிர்ச்சியும் இருட்டும் காற்றுப் படாத அடைப்பும் வேண்டும். பன்னீரில் துவர்ப்பு குறைவு, அதன் பெருமை வாசனை, அந்த வாசனை நாளாக ஆகப் போய்விடும். நிறமும் வெளிறலாக இருப்பதால்தான் வீடுகளில் சர்க்கரையைக் கருக்கி ஊற்றுகிறார்கள். நம் பகுதியில் தகரக் கூரைக்கடியில் மே மாதம் 40 டிகிரி வெயிலில் ஒரு ஜாடி இருந்தால் அது முதிர்வதில்லை, வேகிறது. காற்றுப் பட்டுவிட்டால் வினிகர்தான்.

சர்க்கரை முழுவதும் புளித்தால் அதன் எடையில் ஏறக்குறையப் பாதி வாயுவாக வெளியேறும். இது ஒயினுக்கு மட்டும் உள்ள விஷயமல்ல. ஒரு கோடையில், வெளியூரில் அடைத்த திராட்சை ஸ்குவாஷ் பெட்டிகளை எங்கள் கிடங்கில் அடுக்கி வைத்திருந்தோம். பாதுகாப்பு உப்பைச் சரியாகச் சேர்க்கவில்லை போலும். இரவில் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து, கீழே இருந்த துவரம் பருப்பு மூட்டை பதினொன்று பாழாயிற்று. காவலுக்குப் படுத்திருந்த பெரியவர் பட்டாசு என்று நினைத்து வெளியே ஓடி வந்தார். தயாரிப்பாளர் பாட்டிலுக்குத்தான் பணம் கொடுத்தார், பருப்புக்கு இல்லை. அதிலிருந்து மூடி உப்பலாக உள்ள பெட்டியை நாங்கள் இறக்குவதே இல்லை.

ஈஸ்ட் விஷயத்தில் 2020 ஊரடங்கு நமக்குப் பாடம். மார்ச் கடைசியில் டாஸ்மாக் மூடியதும், வாழ்நாளில் வெல்லம் வாங்கியிராதவர்கள் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று கேட்டு வந்தார்கள். பேக்கரி எல்லாம் மூடிக் கிடக்க, ஈஸ்ட்டுக்கு மட்டும் ஆள் வந்தது. எங்களிடம் சரக்கெடுக்கும் கடைகளுக்கு, வழக்கமாக வாங்குகிறவர்களுக்கு மட்டும், வழக்கமான அளவு மட்டும் என்று சொல்லி அனுப்பினோம். விற்பனை போயிற்றே என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள்.

எல்லாம் சொன்ன பிறகும் மனதில் ஒன்று உறுத்தத்தான் செய்கிறது. ஆவடிப் பக்கத்திலிருந்து ரயில்வேக் குடும்பத்து ஆங்கிலோ-இந்திய அம்மையார் ஒருவர் நவம்பர் பிறந்தால் எங்கள் கடைக்கு வருவார். மூன்று கிலோ சர்க்கரை, கொஞ்சம் கிராம்பு, ஒரு துண்டு சுக்கு. "அண்ணாச்சி, நம்ம அம்மா காலத்து ஜாடி, அது காலியா இருந்தா கிறிஸ்துமஸ் மாதிரி இருக்காது" என்பார். கேக்குடன் ஒரு சிறு கண்ணாடிக் கோப்பை அளவு வருகிறவர்களுக்குக் கொடுப்பது, ஜனவரிக்குள் தீர்ந்துவிடும். பழவேற்காட்டில் 1515-ல் எழுந்ததாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயத்தைச் சுற்றியும், பெரம்பூர், ராயபுரத்திலும் இப்படிப்பட்ட ஜாடிகள் இருந்து வந்திருக்கின்றன. தெருமுனையில் அரசே பாட்டில் விற்கும்போது அந்த அம்மையாரின் ஜாடி குற்றம் என்பது முரண்தான். வீட்டு உபயோகத்துக்குச் சிறு அளவில் விலக்குக் கேட்டு, அந்த மக்களின் சங்கங்கள் அரசிடம் மனுக் கொடுத்தால் வணிகர்களாகிய நாமும் பக்கத்தில் நிற்கலாம் என்பது எங்கள் கருத்து. அதுவரை அவருக்குச் சர்க்கரையைச் சர்க்கரையாக நிறுத்துக் கொடுக்கிறோம். ஜாடியைப் பற்றிப் பேசுவதில்லை.

'கிட்' கேட்கும் தம்பிகளுக்கு நாங்கள் இப்போது சொல்லும் பதில், இஞ்சி ஒயின். பேர்தான் ஒயின், ஈஸ்ட் சேர்க்காமல் இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, பட்டை, கிராம்பு, இரண்டு காய்ந்த மிளகாய் போட்டுக் காய்ச்சி வடிகட்டுவது, போதை கிடையாது. ஆங்கிலோ-இந்திய வீடுகளில் குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள். இதில் நகரும் சரக்கு அத்தனையும் நம் மளிகைச் சரக்கு, லாபமும் மோசமில்லை. காய்ச்சி பாட்டிலில் அடைத்து விற்க நினைப்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். லேபிளில் 'போதையற்றது' என்று பெரிதாகப் போடவும் மறக்க வேண்டாம், 'ஒயின்' என்ற சொல்லைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. பாட்டில் வேண்டாம் என்றால் சாமானாக விற்கலாம். நவம்பர் கடைசி வாரத்திலேயே பட்டை, கிராம்பு எடுத்துவிட வேண்டும், டிசம்பர் 10-க்கு மேல் பிரியாணிக்காரர்களும் கேக்குக்காரர்களும் சேர்ந்துகொண்டு விலையை ஏற்றிவிடுவார்கள். இஞ்சி புதிதாக, நார் குறைந்ததாக இருக்கட்டும்.

கும்மிடிப்பூண்டித் தம்பி இப்போது நன்றாக வியாபாரம் செய்கிறார். போன டிசம்பரில் வசூலுக்குப் போனபோது பார்த்தோம். அந்தப் பழைய பலகையை எறியவில்லை. திருப்பி மாட்டி, மறுபக்கத்தில் 'கேக் சாமான்கள், இஞ்சி ஒயின் சாமான்கள் கிடைக்கும்' என்று எழுதி வைத்திருக்கிறார்.